யார் போட்ட வரிசை இது?

கொல்கத்தா நியூ டவுனில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள திடலில், ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசை கட்டி நிற்பார்கள். மாஸ்டர் எண்ண எண்ண ஒவ்வோர் அடியாக நகரும் வரிசை. இடப்பக்கம் திரும்பு, கீழே தடு, ஓரடி முன்வைத்துக் குத்து. ஹெய்யான் ஷோதான். கராத்தேயின் ஷோட்டோக்கான் பாணியில் சேரும் பலருக்கும் முதல் கட்டா, அதாவது முதல் அடிவரிசை, அதுதான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன், மஞ்சள் பெல்ட் தேர்வுக்குத் தயாராகிறவன், மூச்சு வாங்க வந்து கேட்டான்: "அங்கிள், இதெல்லாம் நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர் சொல்லிக்கொடுத்ததுதானே?" 'ஏழாம் அறிவு' படத்தை அவன் மூன்று முறை பார்த்திருக்கிறான்.

ஆமாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஏடுகள் அப்படிச் சொல்லவில்லை. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547-ல் லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதப்பட்ட நூலில் இருக்கிறது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. ஏழாம் நூற்றாண்டில் எழுதிய டாவோசுவான் அவரைத் தென்னிந்தியர் என்கிறார். காஞ்சியின் பெயர் பிற்கால மரபில் சேர்ந்தது. இந்த இரண்டு பழைய குறிப்புகளிலும் குத்தும் இல்லை, உதையும் இல்லை, தியானம் செய்யும் துறவிதான் இருக்கிறார். ஷாவோலின் மடத்துக்கு அவர் உடற்பயிற்சி தந்தார் என்ற கதைக்கு வேர், 1624-ஆம் ஆண்டு முன்னுரை தாங்கிய ஒரு பயிற்சி நூல். அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிந்தியது அது. கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன இட்டோசு அங்க்கோவே 1908-ல் எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே, இந்தக் கலை பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பிறகு எங்கிருந்து வந்தது? கடல் வழியாக. கராத்தே உருவான ஒக்கினாவா அப்போது ரியூக்யூ என்ற தனி அரசு. சீனத்தின் ஃபூஜியன் கரைக்கும் நாஹா துறைமுகத்துக்கும் இடையே கப்பல் ஓயாது. 1762-ல் ஜப்பானின் தோசா கரையில் ஒதுங்கிய ஒரு ரியூக்யூ கப்பலின் ஆட்கள் சொன்னதை எழுதிவைத்த 'ஓஷிமா ஹிக்கி' என்ற குறிப்பேட்டில், சீனத்திலிருந்து சீடர்களோடு வந்து கைச்சண்டை காட்டிய ஒருவர் வருகிறார். கூசாங்கூ. அந்தப் பெயரில் இன்றும் ஒரு கட்டா ஆடப்படுகிறது. சிலம்பத்தில் காலடி வரிசையை ஆசான் வாயாலும் உடம்பாலும் கடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கட்டா என்பது எதிராளி இல்லாமல் ஆடும் சண்டை மட்டுமல்ல, ஏடு இல்லாத ஊரின் ஏடு.

அந்த ஏட்டை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் வாசித்த நாள் 2021 ஆகஸ்டு 6. டோக்கியோ ஒலிம்பிக், நிப்போன் புடோகான் அரங்கம், ஆண்கள் கட்டா இறுதிப் போட்டி. ஒக்கினாவாவின் ரியோ கியூனா எடுத்துக்கொண்டது 'ஓஹான் தாய்'. ஏழு நடுவர்கள். உயர்ந்த மதிப்பெண் இரண்டும் தாழ்ந்தது இரண்டும் போக நடுவில் நிற்கும் மூன்றுதான் கணக்கு. நுட்பத்துக்கு 70 விழுக்காடு, உடல் திறனுக்கு 30. கியூனா பெற்றது 28.72, ஸ்பெயினின் டேமியன் கின்டேரோ 27.66. இந்தத் தரத்தில் ஒரு புள்ளிக்கு மேல் இடைவெளி என்பது பெரிய தூரம்.

அந்த இடைவெளி வேகத்தில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கின்டேரோவும் வேகமானவர்தான். வித்தியாசம் நிற்பதில் இருந்தது. கியூனாவின் குத்து முடிந்த இடத்தில் தோள் அசையாது, பின்னங்கால் குதிகால் எழாது, பார்வை அடுத்த ஆளிடம் ஏற்கெனவே போயிருக்கும். அங்கே இல்லாத எதிராளியை நமக்குக் காட்டிவிடும் பார்வை அது. அவர் பயின்ற ரியூயெய் ரியூ, நக்காய்மா குடும்பத்தில் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபூஜோ சென்று கற்றுவந்து, வீட்டுக்குள்ளேயே தலைமுறைகளாகக் காத்த கலை. 1970-களில்தான் அந்தக் குடும்பத்தின் கென்கோ நக்காய்மா வெளியாட்களுக்குக் கதவைத் திறந்தார். அவரிடம் கற்ற ட்சுகுவோ சாக்குமோட்டோ மூன்று முறை உலகச் சாம்பியன். அவருடைய மாணவர் கியூனா. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் ஒக்கினாவாக்காரர். மேடையில் மறைந்த தாயின் படத்தைக் கையில் ஏந்தி நின்றார்.

அடுத்து வந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்குள் காத்த கலை ஒரு வழி என்றால், எங்கள் திடலுக்கு வந்தது வேறு வழி. 1901 வாக்கில் இட்டோசு ஷூரி நகரத் தொடக்கப் பள்ளியில் கராத்தேயை நுழைத்தார். ஒருவருக்கு ஒருவர் என்று இரவில் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்ததை, பிள்ளைகளை நிறுத்தி எண்ணிக்கைக்கு ஆட வைக்கும் பாடமாக்கினார். அதற்கென்றே ஐந்து சிறிய 'பின்னான்' கட்டாக்களை அமைத்தார். ஞாயிறு காலையில் நான் பார்க்கும் அந்த வரிசை அவர் போட்டது. அவருடைய மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயர் மாற்றி, முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றி வைத்தார். கலையின் பெயரும் மாறியது. 'சீனக் கை' என்று எழுதப்பட்டதை, அதே ஒலியில் 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்தால் எழுதலாம் என்று 1936-ல் நாஹாவில் கூடிய ஆசான்கள் ஏற்றார்கள். சீனத்தோடு பகை முற்றிவந்த ஜப்பானில் அந்த மாற்றம் கலை பரவ உதவியது. மூலத்தை மறைக்கவும் உதவியது.

1922-ல் ஃபுனாகோஷி டோக்கியோவில் கராத்தேயைக் காட்டியபோது, தம் பயிற்சிக்கூடமான கோடோகானுக்கு அழைத்து மேடை தந்தவர் ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ. வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டும் ஜூடோவிலிருந்து கராத்தே எடுத்துக்கொண்டவை. இந்தியாவுக்கு ஒரு நூல் இழை வேண்டுமென்றால் இங்கேதான் தேட வேண்டும். கானோவின் கோடோகானில் தேர்ந்த ஷின்சோ தக்காகாகி 1929-ல் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் வந்து ஜூடோ கற்பித்தார். அதற்கும் முன்பே, 1905-ல், ஜின்னோசுகே சானோ அங்கே வந்து ஜூஜுத்சு சொல்லிக்கொடுத்தார். தக்காகாகியிடம் பெண்களும் கற்றார்கள். அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் அவர்களில் ஒருவர்.

பையனிடம் இதைச் சொன்னபோது முதலில் முகம் வாடிவிட்டது. பிறகு தன் உடுப்பின் கழுத்துப்பட்டியைப் பிடித்துப் பார்த்து, "அப்ப இந்தச் சட்டையோட சொந்தக்காரர் ஆளு நம்ம பக்கத்துல வந்திருக்காரா?" என்றான். ஹவுராவில் ரயிலேறினால் சாந்திநிகேதன் இருக்கும் போல்பூருக்கு இரண்டரை மணி நேரம்தான். தேர்வு முடிந்த மறுவாரம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.