வீட்டுச் சேவையகமும் அந்தரங்கமும்: ஓர் உரையின் மதிப்பீடு

தம் கடிதங்களையும் நிழற்படங்களையும் நாட்குறிப்பையும் கூகிள் போன்ற பெருநிறுவனங்களிடம் ஒப்புவியாது, தம் இல்லத்திலேயே ஒரு சிறு கணினியை இராப்பகலாக இயங்கவிட்டு, அதனிடத்தே அவற்றைப் பேணிவருவோர் ஒரு சாரார் மேனாடுகளில் உளர். அக்கணினியை வீட்டுச் சேவையகம் என்பர். இவர்தம் நாளாந்தப் பேச்சில் வழங்கும் கருத்துக்கள் பலவற்றுக்குத் தெளிவான உருவங் கொடுத்தது, 2010ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆந் திகதி நியூயோர்க்கிலே பேராசிரியர் ஏபென் மொக்லன் நிகழ்த்திய உரையாகும். ‘முகிலிற் சுதந்திரம்’ என அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். மொக்லன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர். இளமையிற் கணினி நிரல்களும் எழுதியவர். ஆதலின் அவர் கூற்றைப் பொழுதுபோக்காளர் ஒருவரின் புலம்பலெனத் தள்ளிவிடல் இயலாது.

அவருடைய நோயறிதல் மிகச் சிறந்தது. இணையம் தோன்றிய காலத்து அதிலுள்ள பொறிகளெல்லாம் ஒத்த நிலையின. எதுவும் எதனோடும் பேசலாம். பின்னர், கொடுப்பது சேவையகம், பெறுவது பயனாளர் பொறி என்ற ஏற்றத்தாழ்வு நிலைபெற்றது. யார், எப்பொழுது, எதைக் கேட்டார் என்னும் பதிவேடு கொடுக்கும் பக்கத்திலேயே தேங்கிற்று. அப்பதிவேட்டை விலைப்பொருளாக்கலாம் என்பதைச் சிலர் பின்னரே கண்டுகொண்டனர். தீயோர் எவரும் கூடித் திட்டமிட்டதன்று. அமைப்பே அதிகாரத்தை ஓரிடத்துக் குவித்தது என்பது அவர் முடிபு. நிறுவனங்களை வசைபாடுவதோடு அமைந்துவிடும் பிற்காலத்தார் பலர் இப்பகுதியை மறந்துவிட்டனர்.

நோய்க்கு அவர் கூறும் மருந்து யாது? சுவரிலுள்ள மின்செருகியிற் பொருத்தத்தக்க, உள்ளங்கையளவான கணினி. அன்று 99 டொலர் விலைபோன அது விரைவில் 29 டொலருக்கு இறங்கும் என எதிர்பார்த்தார். அதிலே கட்டற்ற மென்பொருளை நிறுவினால் ஒருவருடைய கடிதமும் பதிவேடும் அவர் வீட்டிலேயே இருக்கும். அரசு அதைக் காணவேண்டின் நீதிமன்றப் பிடியாணையோடு வாயிலுக்கு வரவேண்டும். இவ்வெண்ணத்தின் பயனாகத் தோன்றிய ‘பிறீடம்பொக்ஸ்’ 2019இல் பல்கேரிய நிறுவனமாகிய ஒலிமெக்ஸினால் ஆயத்தப் பெட்டியாகவும் விற்பனைக்கு வந்தது.

பிடியாணை பற்றிய வாதம் வெறும் அணியன்று. ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1976இல் வங்கிக் கணக்கு பற்றியும், 1979இல் தொலைபேசியிற் சுழற்றிய இலக்கங்கள் பற்றியும் அளித்த தீர்ப்புக்களில், ஒருவர் தாமே மூன்றாமவரிடங் கொடுத்த விவரத்துக்கு அந்நாட்டு யாப்பின் நாலாந் திருத்தம் காப்பளியாது எனக் கொண்டது. 2018இல், கையடக்கத் தொலைபேசியின் இருப்பிடப் பதிவுகள் பற்றிய வழக்கிலேயே அக்கோட்பாடு ஓரளவு குறுகிற்று. எனவே பொருள் எங்கே கிடக்கிறது என்பது சட்டத்தின் கண்ணில் உயிர்நிலையான வினா. ஆயின் அது அமெரிக்க வீட்டுக்கு அமெரிக்கச் சட்டங் கட்டிய மதில். பிறநாட்டார் அச்சிறு பெட்டியை வாங்கலாம். மதிலை வாங்குதல் இயலாது. இதனை எண்ணிப் பாராமலே அவ்வாதத்தைத் திருப்பிச் சொல்வோர் பலர்.

மொக்லன் பக்கம் நியாயம் உண்டு என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2021இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் தந்தை ஒருவர், நோயுற்ற தம் குழந்தையின் படத்தை மருத்துவருக்காக எடுத்தார். கூகிளின் தானியங்கிச் சோதனை அதனைக் குற்றப்படமெனக் கொண்டது. பொலிசார் ஆராய்ந்து அவர் குற்றமற்றவர் எனக் கண்டனர். நிறுவனமோ கணக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை என 2022இல் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ எழுதிற்று. அவருடைய கடிதங்களும், மகனின் படங்களும், தொலைபேசி இலக்கமுங்கூட ஒருசேரப் போயின. முறையிட்டு வழக்காட ஒரு மன்றுமில்லாத ஆட்சி அது.

எனினும் வீட்டில் இருப்பதனாலேயே ஒரு பொருள் காவலுடையதாகி விடுமா? 2021 யூன் மாதத்தில், வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ என்னும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளை எங்கோ இருந்தவர் வெறுமையாக்கினர். 2015இன் பின் திருத்தமெதுவும் பெறாத பெட்டிகள் அவை. பல்லாண்டுப் படங்களை அவற்றில் மட்டும் வைத்திருந்தோர் ஒரே நாளில் இழந்தனர். மறுபுறத்தே, அதே ஆண்டு மார்ச்சு 10ஆந் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர்க்கிலே ஓவிஎச் நிறுவனத்தின் பெருநிலையமும் தீக்கிரையாயிற்று என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது. 2022இல் நிகழ்ந்த மற்றொன்று இதனினும் கூர்மையானது. கடவுச்சொற்களைக் காக்கும் லாஸ்ற்பாஸ் நிறுவனத்துள்ளே கள்வர் புகுந்தது அதன் பொறியியலாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக. ஆங்கிருந்த பிளெக்ஸ் என்னும் திரைப்படச் சேவையக மென்பொருளின் குறை 2020இலேயே திருத்தப்பட்டிருந்தது. அத்திருத்தத்தை அவர் ஏற்றவில்லை. தொழிலறிந்தவர்க்கே இந்நிலையாயின் ஏனையோரைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

கடிதத்துக்கு இரு முனைகள் உண்டு என்பதும் இவ்வுரையிற் போதிய இடம் பெறவில்லை. யான் என் மின்னஞ்சலை என் வீட்டிலே வைக்கலாம். பெறுபவர் கூகிளிடம் வைத்திருப்பின் பிரதி அங்கேயும் உளது. அன்றியும், வீட்டிணைப்பிலிருந்து வரும் மடலைக் குப்பையென ஒதுக்குதல் பெருநிறுவனங்களின் இயல்பு. பல இணையச் சேவையாளர் அத்தகைய மடல் வெளியேறும் வாயிலையே அடைத்து வைப்பர்.

ஆயினும் எம் கருத்திலே இவையெல்லாம் புறக்குறைகள். உரையின் அடிப்படைக் குறை வேறு. மொக்லனுக்கு வீடு என்பது பிரிவற்ற ஒரு பொருள். அதற்கு வெளியே அரசும் வணிகரும், உள்ளே ‘நான்’. ஆனால் வீட்டிலே பலர் வாழ்கின்றனர். விளம்பரங்களைத் தடுப்பதற்கென இவ்வார்வலர் பெரிதும் நிறுவும் பை-ஹோல் என்னும் நிரலை நோக்குவாம். வீட்டிலுள்ள கருவி ஒவ்வொன்றும் எந்தத் தளத்தின் பெயரை எந்நேரத்திற் கேட்டது என்பதை அது இயல்பாகவே பதிந்து வைக்கும். மனைவி இரவிலே நாடிய மருத்துவத் தளம், மகள் தேடிய அறிவுரைத் தளம், முதிய தந்தையார் அடிக்கடி செல்லும் தளம் ஆகிய யாவும் வரிசையாகத் தோன்றும். முகமறியாக் கொம்பனி இவற்றை அறிந்தால் விளம்பரம் காட்டும். ஒரே மேசையில் உண்பவர் அறிந்தால் நிகழக்கூடியது வேறு. முழுப் பதிவேட்டையும் ஒருவரிடங் குவிப்பது அமைப்பே என்று பிறரினும் தெளிவாகக் கண்ட அறிஞர், அதே அமைப்பைச் சிறிதாக்கி வீட்டுக்குட் கொணர்ந்து நிறுத்துகிறார். அங்கே குவியும் அதிகாரம் யாருடையது என வினவவில்லை. பெரும்பாலும் அது கணினி அறிந்த ஓர் ஆடவருடையதாகவே இருக்கும். அவர் திடீரென இறப்பின், குடும்பப் படங்களைத் திறக்கும் வழியறியாது ஏனையோர் திகைப்பதும் இதன் மறுபக்கமே.

இவ்வார்வலர் நல்லெண்ணமுடையவர் என்பதில் ஐயமில்லை. தாம் எதையும் பார்ப்பதில்லை என்றே அவருட் பெரும்பாலார் கூறுவர். கூகிளும் ஏறக்குறைய அவ்வாறே கூறுகிறது. பை-ஹோலிலே கருவிகளின் பெயரை மறைக்கவும், பதிவேட்டை அறவே நிறுத்தவும் இடமுண்டு. அவ்வமைப்பை மாற்றும் கடவுச்சொல் அவரிடமே உளது. மாற்றினாரா என்பதை வீட்டிலுள்ள மற்றையோர் அறிய ஒரு வழியுமில்லை.