எட்டுல நாலு பொண்ணு!

கார்ஃப்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. நீங்கள் கேள்விப்படாமல் இருந்தால் தப்பில்லை. 1995ல் இதன் உலக சாம்பியன்ஷிப் நம்ம டெல்லியிலேயே நடந்தது. உலகக் கோப்பை வாசல் வரை வந்து போயிருக்கிறது, நமக்குக் காலிங் பெல் சத்தம்கூடக் கேட்கவில்லை!

தூரத்திலிருந்து பார்த்தால் பாஸ்கெட்பால் மாதிரி தெரியும். கிட்டே போனால் எல்லாமே வேறு. கூடை 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். பின்னால் போர்டு கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, கையில் வைத்துக்கொண்டும் ஓடக் கூடாது. வாங்கினால் அடுத்த ஆளுக்குக் கொடுத்தே ஆகணும். அணிக்கு எட்டுப் பேர். அதில் நாலு பேர் பெண்கள். போனால் போகிறது என்று சேர்த்த நாலு இல்லை, சட்டப்படி நாலு.

1902ல் ஆம்ஸ்டர்டாமில் நிக்கோ ப்ரூக்ஹைசன் என்ற ஸ்கூல் வாத்தியார் உண்டாக்கியது. ஸ்வீடனில் பார்த்த ஒரு வளைய ஆட்டத்தை, பையன்களும் பெண்களும் சேர்ந்து ஆடுகிற மாதிரி மாற்றினார். மனுஷன் எவ்வளவு விவரம் பாருங்கள்! நாலு பேர் தாக்கும் பகுதியில், நாலு பேர் தடுக்கும் பகுதியில். ரெண்டு பக்கமும் ரெண்டு ஆண், ரெண்டு பெண். ரெண்டு கோல் விழுந்தால் வேலை மாறும், தடுத்தவர்கள் தாக்கப் போகணும். 'நீ பின்னாடி நின்னு பார்த்துக்கோம்மா, நாங்க கோல் போட்டுட்டு வர்றோம்' என்ற கதையே நடக்காது. வீட்டில் இந்த விதி இருந்தால் அடுப்படியில் யார் யார் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு உறுத்துகிற விதி ஒன்றும் உண்டு. ஆணை ஆண்தான் மறிக்கணும், பெண்ணைப் பெண்தான். பந்து கொடுக்கலாம், வாங்கலாம், ஆனால் எதிரணிப் பெண்ணின் ஷாட்டை ஓர் ஆண் தடுக்கக் கூடாது. நம்ம டவுன் பஸ்ஸில் இடது பக்கம் மகளிர் என்பது மாதிரிதான். ஒரே பஸ், ஒரே டிரைவர், ஸீட்டு மட்டும் தனித்தனி. முழு சமத்துவம் என்று ரொம்பப் புகழ்கிறவர்கள் இதைப் பேசுவதில்லை. ஆனால் உயரத்தையும் பலத்தையும் வைத்துப் பெண்ணை ஆட்டத்திலிருந்தே ஓரங்கட்டாமல் காப்பாற்றுவதும் இதே விதிதான். பி.காம். படித்த புத்தி, பற்று வரவு ரெண்டையும் பார்க்காமல் விடாது. என் கணக்கில் வரவுதான் அதிகம்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களை தடகளத்தில் சேர்த்தார்கள். 800 மீட்டர் ஓடியவர்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, அந்த ஓட்டத்தையே தூக்கிவிட்டார்கள். அது திரும்ப வந்தது 1960ல்! அதே 1928 ஒலிம்பிக்கில் கார்ஃப்பால் கண்காட்சி ஆட்டமாக நடந்தது. ஒரு மைதானத்தில் ‘பெண்ணால் முடியாது’ என்று முடிவு கட்டுகிறார்கள், இன்னொன்றில் பெண் ஆணோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறாள். ஒலிம்பிக் தடகளத்தில் கலப்பு ரிலே வந்தது 2021ல் நடந்த டோக்கியோ போட்டியில்தான். நம்ம ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ் மூன்று பேரும் கேரளாவின் முகமது அனஸோடு அதில் ஓடினார்கள்.

சரி, உலகப் போட்டிக்கு வருவோம். 1978லிருந்து 2023 வரை 12 உலக சாம்பியன்ஷிப். அதில் 11 நெதர்லாந்துக்கு, 1991ல் மட்டும் பெல்ஜியத்துக்கு. இதை உலகப் போட்டி என்பதா, டச்சுக்காரர்கள் வீட்டு விசேஷம் என்பதா? ஆனாலும் தைவான் 2023ல் தன் ஊர் மைதானத்தில் ஃபைனல் வரை வந்து காட்டியது. இந்திய அணி அந்த மேடையில் ஒருதடவைகூட ஏறியதில்லை.

தோற்பது பெரிய விஷயமில்லை. எதனால் என்பதுதான் விஷயம். கிட்டே ஆள் மறித்து நிற்கும்போது இந்த ஆட்டத்தில் ஷாட்டே அடிக்கக் கூடாது. மறிப்பவரை ஏமாற்றி ஓரடி இடம் பிடிக்கணும், அந்த நொடியில் பந்து வந்து சேரணும். அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கணும், அவன் எப்போது கொடுப்பான் என்று அவளுக்கு. டச்சுக் குழந்தைகள் கிளப்புகளில் சின்ன வயசிலிருந்தே சேர்ந்து ஆடுகிறார்கள். நம்ம பிள்ளைகளுக்கு காலேஜில், பல்கலைக்கழகப் போட்டி சமயத்தில்தான் இந்தப் பந்தே கண்ணில் படுகிறது. அதுவரை ஒரே கிளாஸில் தனித்தனி பெஞ்ச். பேசினாலே ஹெட்மாஸ்டர் ரூம். இருபது வயசில் ஒரே அணியில் நிறுத்தி, 'கண்ணைப் பார்த்துப் பந்தைப் போடு' என்றால்? பையன் இன்னொரு பையனுக்குத்தான் போடுவான்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆர்.கே.பேட்டை போன்ற ஓர் ஊரில் இந்த எட்டைச் சேர்க்க முடியுமா? விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். ஒரே கூரையின் கீழ் ஆண் தறி ஓட்ட, பெண் தார் சுற்ற, சேர்ந்து உழைப்பது அங்கே புதுசு இல்லை. வேலையில் கலப்பு அணி எப்பவோ வந்தாச்சு. ஸ்கூல் மைதானத்தில் ரெண்டு கம்பம், ரெண்டு கூடை, ஒரு பந்து போதும். கிரிக்கெட் கிட்டை விட செலவு கம்மி.

செலவு பெரிசில்லை, பி.டி. பீரியடில் மைதானம் யாருக்கு என்பதுதான் பெரிசு. கிரிக்கெட் என்றால் பதினோரு பையன் போதும், பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்ஸ் எழுதலாம். கார்ஃப்பாலில் அது ஆகாது. அந்த நாலு பேர் மரத்தடியிலிருந்து எழுந்து வரணும். ஸ்கூல் முடிந்து அரை மணி நேரம் ப்ராக்டீஸுக்கு அவர்கள் வீட்டில் விடணும். விடவில்லை என்றால் பையன்கள் நாலு பேரும் கூடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.