நூற்றறுபது மணி நேரம்

சில வருடங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து நாற்பது பேர் ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், ஒரு பேருந்து, ஒரு பேனர். காலை பத்து மணிக்கு இறங்கி, மதியம் இரண்டுக்குக் கிளம்பிவிட்டோம். சுவரில் சூரியக் குடும்பம் வரைந்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இலக்கு, தன்னம்பிக்கை என்று பேசினோம். குரூப் போட்டோ எடுத்தோம். அந்த வருட அறிக்கையில் இது 160 மணி நேரத் தன்னார்வப் பணி என்று ஏறியது. கணக்கு சரிதான்: நாற்பது பேர், தலைக்கு நாலு மணி நேரம்.

கிளம்பும்போது ஹெச்.எம். எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் ஒன்று கேட்டார். "சார், கணக்குல பின்தங்கின பசங்க ஒரு பதினஞ்சு பேர் இருக்காங்க. வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம், யாராவது நாலு பேர் வந்தா போதும்." பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். யாரும் போகவில்லை. நானும்தான்.

பள்ளி ஆண்டில் வகுப்பு நடப்பது ஏறக்குறைய நாற்பது வாரம். நாலு பேர், வாரம் ஒரு மணி நேரம், நாற்பது வாரம். அதுவும் 160 மணி நேரம்தான்! அறிக்கையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். பள்ளிக்கு இரண்டும் ஒன்றே இல்லை. என் புகார் இந்த அளவுகோல் மேல்தான். போகிறவர்களின் மனசைக் குறை சொல்ல வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலே இந்த வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் ஊழியர்கள் இலவசமாகக் கொடுக்கும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்த 2 சதவீதத்தில் காட்டக் கூடாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அது நியாயமான விதி. இல்லையென்றால் மேலதிகாரி ஒரு பள்ளிக்கூடத்தில் ரிப்பன் வெட்டிய நேரத்துக்கும் அவர் சம்பள விகிதத்தில் பில் போட்டிருப்பார்கள்.

அதன் பக்கவிளைவு ஒன்று இருக்கிறது என்பது என் கணிப்பு. பணம் போகும் திட்டத்துக்குக் குழு, ஒப்புதல், கணக்கு எல்லாம் உண்டு. நேரம் போகும் திட்டத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. அதனால் அது ஹெச்ஆர் துறையின் ஊழியர் உற்சாக நிகழ்ச்சிகளில் ஒன்றாகிவிடுகிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி, 'நம்ம ஆட்களுக்கு அந்த நாள் பிடிச்சிருந்ததா?' என்பதுதான். எங்களுக்கும் மறுநாள் ஒரு கருத்துப் படிவம் வந்தது. பள்ளிக்கு அப்படி எதுவும் அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

"ஏதோ செய்றாங்களே, ஒண்ணுமே செய்யாததுக்கு இது பரவாயில்லையே" என்று நண்பர்கள் சொல்வார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பது வரை அது சரி. வழிகாட்டுதல், அதாவது மென்டரிங் என்று பெயர் வைத்தால் சரியில்லை. அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பில் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வழிகாட்டியுடன் ஒரு வருடமோ அதற்கு மேலோ உறவு நீடித்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவர்களுக்குச் சுயமதிப்பும், படிப்பில் தன்னம்பிக்கையும் குறைந்திருந்தன. பாதியில் விட்டால் பூஜ்யம்கூட இல்லை, நஷ்டம். அதே அமைப்பின் பள்ளி சார்ந்த திட்டம் பற்றிய 2007 ஆய்வில், முதல் ஆண்டு முடிவில் படிப்பில் முன்னேற்றம் தெரிந்தது, அடுத்த ஆண்டில் அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அங்கே ஒரு ஜோடி சேர்ந்திருந்த காலம் சராசரியாகச் சுமார் ஐந்து மாதம்.

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் 1970-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த தரவில், 14-15 வயதில் வெளியாட்கள் வந்து பேசிய ஒவ்வொரு தொழில் உரைக்கும் 26 வயதில் சுமார் 0.8 சதவீதம் கூடுதல் சம்பளம் தென்பட்டது. இது தொடர்பு மட்டுமே, இதனால்தான் அது என்று நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் ஒரு பேச்சை வீண் என்று தள்ள முடியாது. லேப் டெக்னீஷியன் என்றால் என்ன வேலை, எந்தப் படிப்பு, ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்று ஒருவர் வந்து சொல்வது, அப்படி யாரையும் வீட்டில் பார்த்திராத பிள்ளைக்குப் பெரிய விஷயம். அதைத் தொழில் அறிமுகம் என்றே சொல்லுங்கள். வருடத்துக்கு நாலைந்து பேரை, வேறு வேறு வேலையிலிருந்து அனுப்புங்கள். எங்களை மாதிரி நாற்பது பேரும் ஒரே வேலைக்காரர்களாகப் போய் இலக்கைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

படிப்பில் உதவுவதற்கோ பெரிய பதவியும் தேவையில்லை, ஆங்கிலமும் தேவையில்லை. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தில், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள், பின்தங்கிய 15-20 பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து தினமும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மதிப்பெண்கள் தெளிவாகவே உயர்ந்தன. அந்தப் பெண்களுக்குச் சிறு ஊதியம் உண்டு. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியிலும் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். நேரத்தைக் கொடுக்க முடியாத கம்பெனி இப்படி ஒருவருக்கான ஊதியத்தை ஏற்றுக்கொள்ளலாம். பேருந்து வாடகையும் டி-ஷர்ட் செலவும் சேர்ந்தாலே சில மாதங்களுக்குத் தாங்கும்.

பள்ளியின் தேவை என்ன என்று கேட்கவும் வழி இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அவர்கள் வேலை. எங்கள் நிகழ்ச்சிக்கு முன்னால் யாரும் அந்தத் திட்டத்தை வாங்கிப் பார்க்கவில்லை. ஹெச்.எம். தானே வாய் திறந்து கேட்டதையும் நாங்கள் கிளம்பும் அவசரத்தில்தான் கேட்டோம். ஒரு பெரிய கம்பெனி வந்து நிற்கும்போது "இந்த வாரம் வேண்டாம், பரீட்சை இருக்கு" என்று சொல்லும் தைரியம் எத்தனை தலைமை ஆசிரியருக்கு இருக்கும்?

உங்க ஆபீஸிலும் இப்படி ஒரு மெயில் வரும். வந்தா ரெண்டே கேள்வி கேளுங்க: இது பள்ளி கேட்டதா? அடுத்த மாசமும் இதே ஆட்கள் போவாங்களா? ரெண்டுக்கும் இல்லைன்னு பதில் வந்தா, போறதும் போகாததும் உங்க இஷ்டம். ஆனா அதை மென்டரிங்னு அறிக்கையில போட வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க.