வினாக்கொத்தில் ஒலிக்கும் ‘நான்’

இலக்கியத் திறனாய்வு கவிதையோடும் நாவலோடும் நின்றுவிடுவதற்கில்லை. சமூகத்தில் வழங்கும் எந்த எழுத்தும் யாருடைய மொழியில் அமைந்துள்ளது, எதைச் சொல்ல இடமளிக்கிறது என்று வினவுவதும் திறனாய்வின் கடமையே. சிறுவரின் பதகளிப்பையும் மனச்சோர்வையும் இனங்காணப் பயன்படும் வினாக்கொத்துகள் அத்தகைய எழுத்துகளாம்.

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் போறிஸ் பிர்மாஹர் குழுவினர் உருவாக்கி 1997இல் வெளியிட்ட ‘ஸ்கெயார்ட்’ என்னும் பதகளிப்பு வினாக்கொத்தை எடுத்துக்கொள்வோம். 8 முதல் 18 வயதுவரையானோர்க்குரிய இதன் இன்றைய வடிவம் 41 கூற்றுகளைக் கொண்டது. கடந்த மூன்று மாதங்களில் ஒவ்வொரு கூற்றும் தனக்கு எவ்வளவு பொருந்திற்று என்பதைப் பிள்ளை குறிக்க, 0, 1, 2 எனப் புள்ளிகள் இடப்படும். மொத்தம் 25 ஆயின் பதகளிப்புக் கோளாறு இருக்கக்கூடும் எனக் கொள்ளப்படும். இது நோய்நிர்ணயம் அன்று. மேலும் விசாரிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பே.

இக்கூற்றுகள் பெரும்பாலும் தன்மை ஒருமையில் அமைந்தவை. பேசும் ‘நான்’ பிள்ளை; வாக்கியங்களை எழுதியோரோ வளர்ந்தோர். பிள்ளைக்கு எஞ்சுவது அளவைத் தெரிவுசெய்யும் உரிமை மாத்திரமே. பாடசாலை தவிர்ப்பு பற்றிய நான்கு கூற்றுகளை நோக்குக. பாடசாலையில் வரும் தலைவலி, வயிற்றுவலி, அங்கு செல்வதுபற்றிய கவலை, அச்சம் என்பனவே அவற்றின் பொருள். சகமாணவர் வதைக்கின்றனரா, பிள்ளை பசியோடு செல்கிறதா, நிறத்தின் பேரால் இழிவுபடுத்தப்படுகிறதா என்பவற்றுக்கு அங்கு இடமில்லை. எழுவாய் என்றும் பிள்ளையே. பாடசாலை ஓர் இடமேயன்றிச் செயல்புரியும் கருத்தா அன்று. சமூக உறவொன்று தனிமனித இயல்பாகத் தோற்றங்கொள்வது இவ்வாறுதான்.

இதனைக் கொண்டு வினாக்கொத்தை முதலாளித்துவ உளவியலின் சூழ்ச்சி என ஒதுக்குவது கொச்சையான பொருள்முதல்வாதமாகும். இதே வினாக்கொத்துக்குப் பெற்றோர் நிரப்பும் வடிவமும் உண்டு. பிள்ளையின் உளநிலைபற்றிப் பிள்ளையும் பிறரும் தரும் மதிப்பீடுகள் மிகக் குறைந்த அளவிலேயே ஒத்துப்போகின்றன என்பதை அகென்பாக் குழுவினரின் 1987ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டிற்று. அதாவது, வீட்டில் எவரும் காணாத துயரைச் சொல்லப் பிள்ளைக்குக் கிட்டும் முதற்சொல் சிலவேளை இத்தாளிலேயே உள்ளது. இரவல் மொழியாயினும் அது மௌனத்தைவிட மேலானது.

முரண்பாடு அடுத்த கட்டத்திலேயே கூர்மையடைகிறது. 8 முதல் 18 வயதினரிடம் பதகளிப்பையும் 12 முதல் 18 வயதினரிடம் மனச்சோர்வையும் இவ்வாறு கண்டறியும்படி அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் செயலணி 2022இல் பரிந்துரைத்தது. கண்டறிதல் தன்னளவில் நன்மை தரும் என்பதற்கு நேரடிச் சான்று அப்போது கிட்டவில்லை. சிகிச்சையின் பயன்பற்றிய சான்றே பரிந்துரைக்கு அடிப்படையாயிற்று. எனவே சிகிச்சை எட்டாத பிள்ளையிடம் பெறும் புள்ளி வெறும் எண்ணாகவே எஞ்சும்.

அளவை அறிந்தபின் ஏன் என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அக்காரணத்தை மாற்றுவதற்கு ஒரு சமூகம் வேண்டும். இவ்விரண்டையும் கோராது வினாக்கொத்தை மாத்திரம் பரப்புவது, பிள்ளையைப் பேசவைத்தபின் செவியை மூடிக்கொள்வதாகும்.