டிராகுலா எரித்த தாள்கள்

பிரம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலின் பிற்பகுதியில் ஒரு காட்சி. மனநல விடுதிக்குள் இரவில் புகுந்து நாயகி மினாவின் ரத்தத்தைக் குடித்த பிரபு டிராகுலா, படிப்பறைக்குப் போய் தன்னைப் பற்றி அங்கிருந்த கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்துகிறான். குரல் பதிந்த மெழுகு உருளைகளையும் தீயில் எறிகிறான். மெழுகு உருகி நெருப்பு இன்னும் கொழுந்துவிடுகிறது. ஆனால் மினா தட்டச்சில் எடுத்த இன்னொரு நகல் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பூண்டு, சிலுவை எல்லாம் சரி. அவனை வீழ்த்தியதில் கார்பன் தாளுக்கும் பங்குண்டு.

நாவலே மினா தொகுத்த ஒரு கோப்புக் கட்டுதான். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு. அதில் டிராகுலா எழுதிய நாட்குறிப்பு ஒரு பக்கம்கூடக் கிடையாது. பிறர் எழுதியதை வைத்துத்தான் அவனைப் பார்க்கிறோம். கேமராவோ அவனை நேரே காட்டியாக வேண்டும். கடந்த முப்பது ஆண்டுப் படங்களின் தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

1992இல் டிராகுலாவைப் படமாக்கிய கொப்போலா இதை உணர்ந்திருந்தார். கணினி வித்தையை ஒதுக்கிவிட்டு, மௌனப் படக் காலத்துத் தந்திரங்களையே நம்பினார். விரித்த நாட்குறிப்பின் மேல் பொம்மை ரயில் ஓட, புகையின் நிழல் எழுத்துகளில் படியும் அந்த ஒரு ஷாட்டில் நாவலின் வடிவமே அடங்கிவிடுகிறது. பிறகு அவரே கெடுத்துக்கொள்கிறார். மினா, பிரபுவின் இறந்த மனைவியின் மறுபிறப்பாம். ஸ்டோக்கரிடம் இல்லாத சரக்கு இது. டான் கர்டிஸின் 1974 தொலைக்காட்சிப் படத்திலேயே இதன் சாயல் உண்டு. பூர்வஜென்மக் காதல் நமக்கும் அலுக்காத விஷயம்தான். ஆனால் கோப்பைத் தொகுத்த பெண் இங்கே காதலியாகச் சுருங்கிப்போகிறாள். 2025இல் தன் டிராகுலா படத்தில் லுக் பெஸோனும் அதே காதலைப் பிடித்துக்கொண்டார்.

‘டிமீட்டரின் கடைசிப் பயணம்’ (2023) நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் வரும் கப்பல் குறிப்பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. நல்ல தேர்வு. வார்னாவிலிருந்து விட்பிக்கு வரும் கப்பலில் மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவதை, தேதி போட்டு, உணர்ச்சி காட்டாமல் எழுதிக்கொண்டே வருகிறார் கேப்டன். அந்த வறண்ட நடைதான் வாசகனை நடுங்க வைப்பது. படமோ வௌவால் முகமும் இறக்கையுமாக ஒரு ஜந்துவை அடிக்கடி முன்னே நிறுத்தி, பயத்தைச் சண்டையாக்கிவிட்டது. அதே ஆண்டு நிக்கோலஸ் கேஜ் நடித்த ‘ரென்ஃபீல்ட்’ நகைச்சுவை. அவர் நடிப்புக்காக ஒருமுறை பார்க்கலாம்.

ராபர்ட் எக்கர்ஸின் ‘நோஸ்ஃபெராட்டு’ (2024) நேரடியாக முர்னாவின் 1922 படத்திலிருந்து வருகிறது. டிராகுலா நாவலை உரிமை பெறாமல் எடுத்த படம் என்று ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்காடி, பிரதிகளை அழிக்க 1925இல் உத்தரவு வாங்கினார். அங்கங்கே தப்பிய பிரதிகளால்தான் படம் பிழைத்தது. மினாவின் இரும்புப் பெட்டி ஞாபகம் வராமல் இல்லை. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்பதும் முர்னா படத்தின் கொடை. ஸ்டோக்கரின் டிராகுலா லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடமாடுகிறான். எக்கர்ஸ் தன் படத்தின் டிராகுலாவான ஓர்லாக்குக்கு அடர்ந்த மீசை வைத்ததைப் பலர் கிண்டலடித்தார்கள். நாவலைப் பிரித்தால் மீசை அங்கேயே இருக்கிறது. இருட்டையும் குளிரையும் இவ்வளவு நம்பும்படி காட்டிய சமீபத்திய டிராகுலா படம் வேறில்லை என்பேன். ஆனாலும் பெண்ணின் உடல்தான் இங்கே பலிபீடம். அவள் மூளைக்கு வேலையில்லை.

நாவலின் இறுதியில் ஆண்கள் களைத்துப் படுத்துவிட, மினா வரைபடத்தையும் தாள்களையும் பரப்பி உட்காருகிறாள். சாலை, ரயில், ஆறு என்று ஒவ்வொன்றாக எடைபோட்டு, பிரபு ஒளிந்திருக்கும் பெட்டி எந்த ஆற்றில் போகும் என்று கண்டுபிடிக்கிறாள். பயணத்துக்கான சிறிய தட்டச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு மனதுக்குள் நன்றியும் சொல்லிக்கொள்கிறாள். நான் பார்த்த டிராகுலா படங்கள் எதிலும் அந்த இயந்திரத்தின் சத்தம் அந்த அறையில் கேட்கவில்லை.