காகிதப்பூ

மொட்டைமாடிக்கு ஒரே ஒரு செடி என்றால் நான் காகிதப்பூவைத்தான் சொல்வேன். மணம் இல்லை, தலையில் வைக்க முடியாது என்று தள்ளுகிறவர்கள் உண்டு, தள்ளட்டும். ராணி கலரில் நாம் பூவென்று பார்ப்பவை நிறமேறிய பூவடி இலைகள். அவற்றின் நடுவே மூன்று மூன்றாக எட்டிப்பார்க்கும் சின்ன வெள்ளைக் குழல்கள்தாம் பூ. தென் அமெரிக்கக் கொடி. 1767இல் ரியோவில் இதைச் சேகரித்த பிரெஞ்சுக் கப்பல் பயணத்தில், ஆண்வேடமிட்டு வந்த ழான் பாரே என்ற பெண்ணும் இருந்தார். செல்லம் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினால் இலையாகவே தழைக்கும், பூக்காது. தொட்டி மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். வெயில் மட்டும் குறையக்கூடாது. பூத்து முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். கையுறை அவசியம், முள் பொல்லாதது.