பட்டறிவும் பதக்கமும்

எங்கள் வாள்வீச்சுக் கிளப்பில் விளக்கும் மணியும் உள்ள மின்கருவி ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பிள்ளைகள் வந்தால் இருவர் அதில் ஆடுவார்கள். மற்றவர்களுக்கு ஒயர் மாட்டாத ஆட்டம்தான். அதில் வாள்முனை யார் மேல் பட்டதோ அவரே கையைத் தூக்கி, “பட்டுச்சு” என்று சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு நாள், பதினொரு வயதுப் பையன் ஒருவன் தன்னைவிட மூத்த பெண்ணோடு ஆடிக்கொண்டிருந்தான். நாலுக்கு நாலு, கடைசிப் புள்ளி. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். நடுவராக நின்ற என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண்ணும் இல்லை என்று தலையாட்டினாள். பையன் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, முழங்கையைத் தடவிக்கொண்டே, “இங்க பட்டுச்சுக்கா” என்றான். அந்தச் சொல்லோடு ஆட்டம் அவன் கையைவிட்டுப் போயிற்று.

அனுபவத்துக்குத் தமிழில் பட்டறிவு என்று பெயர். பட்டு அறிவது. வாள்வீச்சில் அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து உண்மை. எதிரே இருப்பவர் முனை நம் மேல் படும்போதுதான், நாம் எங்கே திறந்து கிடந்தோம் என்பது நமக்குத் தெரிகிறது. கிளப்பில் கூடிப் பயில்வது, பிறகு போட்டியில் இறங்குவது என்ற இன்றைய ஏற்பாடு இந்தப் பட்டறிவை எங்கே வளர்க்கிறது, எங்கே முடக்குகிறது என்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் கிளப். ஓட்டத்தைத் தனியாகப் பழகலாம். நீச்சலையும் ஓரளவுக்குப் பழகலாம். வாள்வீச்சைத் தனியாகப் பழக முடியாது. ஆடுதளம் 14 மீட்டர் நீளம், அதிகம் போனால் 2 மீட்டர் அகலம். ஆட்டம் தொடங்கும்போது இருவருக்கும் இடையே 4 மீட்டர். அந்த இடைவெளியை எப்போது குறைப்பது, எப்போது கூட்டுவது என்பதுதான் வித்தையின் பாதி. இடைவெளி என்பது இருவருக்கு நடுவில் இருப்பது. கண்ணாடி முன் நின்று அதைக் கற்க வழியில்லை. ஆக, கிளப்பில் நம் எதிரே நிற்பவர்தான் நமக்குப் பாடநூல். அவர் சோம்பலாக ஆடினால் நம் பாடமும் சோம்பலாகும்.

இதற்கு நான் அறிந்த சிறந்த சான்று இத்தாலியின் யேசி. பெரிய நகரம் அல்ல. எட்சியோ திரிக்கோலி என்பவர் இரண்டாம் உலகப் போரில் கைதியாகித் தென்னாப்பிரிக்க முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கற்ற வாள்வீச்சோடு ஊர் திரும்பி, 1947-இல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அந்தக் கிளப்பிலிருந்து ஜொவான்னா திரில்லினி, வலென்தினா வெட்சாலி, எலீசா தி பிரான்சிஸ்கா மூவரும் வந்தார்கள். மூவரும் ஃபாயில் என்ற வாள்வகையில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் மகளிர் ஃபாயில் இறுதிப் போட்டியில் வெட்சாலியும் திரில்லினியும் மோதினார்கள். ஒரே ஊர், ஒரே கிளப். உலகின் முதல் இருவர் ஒரே கூரையின்கீழ் பயின்றவர்கள் என்றால், வாரநாள் மாலைகளில் அங்கே என்ன தரத்தில் ஆட்டம் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பதக்கம் ஏதென்ஸில் கிடைத்தது. அது விளைந்த இடம் யேசி.

ஆனால் கிளப்புக்கே உரிய நோய் ஒன்று உண்டு: பழகிப்போவது. ஒரே பத்துப் பேரோடு மூன்று வருடம் ஆடினால் வாள்வீச்சைக் கற்கிறோமா, அந்தப் பத்துப் பேரைக் கற்கிறோமா என்று சொல்வது கடினம். இவன் பயந்தால் பின்வாங்குவான், அவள் பாய்வதற்கு முன் தோளை உயர்த்துவாள் என்று எல்லாம் மனப்பாடமாகிவிடும். புதியவர் எதிரே வந்து நின்றால் அந்த மனப்பாடம் உதவாது. எங்கள் கிளப்பில் இடக்கை ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. வாள்வீச்சின் மேல்மட்டத்திலோ இடக்கையர்கள் ஏராளம். இடக்கையர் எதிரே வந்தால் தாக்கும் கோணம், தடுக்கும் பக்கம், நிற்கும் இடம் மூன்றும் மாறிவிடுகின்றன. அந்தப் பாடம் எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டியன்றுதான் முதன்முதலாகக் கிடைக்கிறது, அதுவும் தோல்வியாக.

இன்னொரு குறை, கிளப்புக்குள் படிந்துவிடும் வரிசை. முதலாமவன், இரண்டாமவன், கடைசி ஆள் என்று பிள்ளைகளே தீர்மானித்துவிடுகிறார்கள். கடைசி ஆளோடு ஆட முதலாமவனுக்கு மனம் வராது. ஆனால் முதலாமவனோடு ஆடினால்தான் கடைசி ஆள் தேறுவான். இந்த முடிச்சை அவிழ்ப்பது பயிற்சியாளரின் பொறுப்பு. இதில் நானும் தவறியிருக்கிறேன். போட்டி நெருங்கும்போது வெல்லக்கூடிய பிள்ளைகளையே மின்கருவியில் ஏற்றினேன். மற்றவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் இருவர் அடுத்த மாதம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பழகிப்போகும் நோய்க்கு மருந்து போட்டிதான். அங்கே பழகிய முகம் கிடையாது. தப்பித்தவறி ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள் ஒரே பூலில் (முதல் கட்டக் குழுவில்) விழுந்தால் அவர்கள் ஆட்டத்தை முதலில் முடித்துவிடுவது வழக்கம். கடைசியில் வைத்தால் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்க இடமுண்டு என்ற முன்னெச்சரிக்கை அது. கருவிச் சோதனையும் கறார்தான். எப்பே என்ற வகை வாளின் முனையில் 750 கிராம் எடையை வைத்து, முனை அதைத் தாங்கி மேலே எழுகிறதா என்று பார்ப்பார்கள். எழாவிட்டால் அந்த வாள் தளத்துக்கு வராது. மனிதக் கண் பிரித்தறியாத இடைவெளியை மின்கருவி பிரித்துச் சொல்லும்: எப்பேயில் இருவர் முனையும் நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் பட்டால்தான் இருவருக்கும் புள்ளி. எங்கள் கிளப்பில் அன்று என் கண்ணுக்குத் தெரியாமல் போனதை விளக்கு ஒரு கணத்தில் சொல்லியிருக்கும்.

நேர ஒழுங்கையும் போட்டி கற்றுத்தருகிறது. சென்னையில் பிறந்த பவானி தேவி தன் முதல் சர்வதேசப் போட்டிக்காகத் துருக்கி சென்றபோது அவருக்கு 14 வயது. தளத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்ததால் கறுப்பு அட்டை காட்டப்பட்டு வெளியேற்றப்பட்டார். அதே பெண் டோக்கியோ ஒலிம்பிக்கில், வாள்வீச்சில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் போட்டியாளராக இறங்கி, முதல் ஆட்டத்தை 15–3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் ப்ரூனேயிடம் 7–15 என்று தோற்றார். 2023-இல் வூஷியில் நடந்த ஆசியப் போட்டியில் உலக சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம் பெற்றார். பள்ளியில் மூங்கில் குச்சியோடு தொடங்கிய பயிற்சி, பிறகு தலச்சேரி, அதற்கும் பிறகு இத்தாலியின் லிவோர்னோ என்று அவர் இடம் மாறிக்கொண்டே போனதை நான் இப்படித்தான் படிக்கிறேன்: வளர வளர அவருக்குப் புதிய எதிராளிகள் தேவைப்பட்டார்கள்.

இவ்வளவு நன்மை செய்யும் போட்டிமுறையின் பெருங்குறையைப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஆறு பேர் கொண்ட பூலில் ஒரு பிள்ளைக்கு ஐந்து ஆட்டம். ஒவ்வொன்றும் 5 புள்ளி அல்லது 3 நிமிடம். அதாவது மிஞ்சிப்போனால் 15 நிமிடம். பிறகு நாக்-அவுட்: 15 புள்ளி, மூன்று நிமிடமாக மூன்று பகுதி. அதில் தோற்றால் பையைக் கட்ட வேண்டியதுதான். 64 பேர் கொண்ட பட்டியலில் முதல் சுற்றோடு 32 பேர் வெளியே. வெல்பவருக்கோ ஆறு நாக்-அவுட் ஆட்டங்கள். யாருக்குப் பட்டறிவு அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகவும், ஏற்கெனவே தேறியவருக்கு அதிகமாகவும் அளந்து கொடுக்கும் முறை இது. இரவு ரயிலில் உட்கார்ந்தே வந்து, காலை எட்டு மணிக்குப் பெயரைப் பதிந்து, பதினோரு மணிக்கெல்லாம் வெளியேறி, மாலை வரை மேடையில் யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். அரங்கத்தின் பாதித் தளங்கள் அப்போது காலியாகக் கிடக்கும்.

செலவும் அந்தக் கணக்கில் சேரும். மாஸ்க், ஜாக்கெட், உள்கவசம், கையுறை, வாளை மின்கருவியோடு இணைக்கும் பாடி ஒயர், குறைந்தது இரண்டு வாள். இவற்றில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. 1982-இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் உடைந்த வாள் மாஸ்க்கைத் துளைத்து சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். இன்றைய கடுமையான பாதுகாப்பு விதிகளுக்குப் பின்னால் அந்த மரணம் இருக்கிறது. ஆகவே செலவைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். செலவுக்கேற்ற ஆட்டத்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போட்டியின் மின்கருவியை முழுதாக நம்பிவிடவும் முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக் எப்பே அரையிறுதியில், கொரியாவின் ஷின் ஆ-லாம் ஒரே ஒரு விநாடியைத் தாண்டினால் வெற்றி என்ற நிலையில் நின்றார். அந்த ஒரு விநாடிக்குள் ஆட்டம் திரும்பத் திரும்பத் தொடங்கியது; கடிகாரம் நகரவில்லை. கடைசியில் ஜெர்மனியின் பிரிட்டா ஹைடமன் தொட்டுவிட்டார். முறையீட்டின் முடிவுக்காக ஷின் தளத்திலேயே அழுதபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முறையீடு ஏற்கப்படவில்லை. ஒரு வாரத்துக்குள் அதே ஷின் தன் நாட்டு அணியோடு இறங்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். தனியாளாகக் கைவிடப்பட்ட இடத்தில் அவருக்குத் தோள் கொடுத்தது அணி.

கிளப்பின் குணமும் போட்டியின் குணமும் ஒன்றாகச் சேரும் இடம் இந்த அணி ஆட்டம்தான். மூவர் மூவராக ஒன்பது ஆட்டம். புள்ளிகள் தொடர்ந்து கூடி 45-இல் முடியும். வலிமை குறைந்தவர் இங்கே வெல்ல வேண்டியதில்லை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரிடம் இரண்டு புள்ளிக்கு மேல் இழக்காமல் வந்தாலே அது அணிக்குப் பெரிய கொடை. குறைவாகத் தோற்பதும் ஒரு திறமை என்று மதிக்கும் ஏற்பாடு விளையாட்டில் அரிது. அதிலும் குறை உண்டு: மூவரும் ஒரு மாற்று ஆளும் போக, ஐந்தாம் பிள்ளைக்கு இடமில்லை. ஆனால் அந்தக் குறையைக் கிளப்புக்குள்ளேயே தீர்க்கலாம். மாதம் ஒருமுறை இருக்கிற எல்லாரையும் மூவர் அணிகளாகப் பிரித்து ஆடவிட என்ன தடை?

என் தீர்ப்பு இதுதான். கிளப்பையும் போட்டியையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டாம். ஒன்றின் நோய்க்கு மற்றது மருந்து. ஆனால் இன்று மருந்தின் அளவு தவறாக இருக்கிறது. நாக்-அவுட்டில் தோற்ற பிள்ளைகளுக்குக் காலியான தளங்களில் அன்றே இன்னொரு பூல் வைக்க வேண்டும். அருகிலுள்ள கிளப்புகள் மாதம் ஒருமுறை கதவைத் திறந்து ஒன்றாக ஆட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் நடுவராக நிற்கப் பழக வேண்டும். மின்கருவிகள் பெருகினாலும் ஒயர் இல்லாத ஆட்டத்தை விட்டுவிடக் கூடாது. விளக்கு எரிந்தால் மட்டுமே தோல்வியை ஒப்புக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், பட்டதை அறியும் அறிவு மழுங்கிப்போகும்.

முழங்கையைத் தடவிய அந்தப் பையன் இந்த ஆண்டு தன் முதல் போட்டிக்குப் போனான். பூலில் இரண்டு வெற்றி. நாக்-அவுட்டின் முதல் ஆட்டத்தில் வேறு ஊர்க் கிளப்பைச் சேர்ந்த இடக்கைப் பையன் ஒருவனிடம் 6–15 என்று தோற்றான். ஆட்டத்தின் நடுவே இவனுடைய பாடி ஒயர் பழுதாகி, மாற்றும் இல்லாமல் விழித்தபோது, தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டியவனும் அந்தப் பையன்தான். ரயிலில் திரும்பும்போது நெடுநேரம் பேசாமல் வந்தவன், விழுப்புரம் தாண்டியதும் கேட்டான்: “சார், அந்த லெஃப்ட் ஹேண்ட் பையன நம்ம கிளப்புக்குக் கூப்பிடலாமா? அவன்கூட இன்னும் நிறைய தடவ ஆடணும்.”

மறுநாள் அந்தக் கிளப்பின் பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். வரும் மாதம் முதல் ஞாயிறு வருகிறார்கள்.